மூன்றாவது விளி

சுவிட்சைப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

மரத்தின் மேல் கட்டியிருந்த சைரன் நீளமாக ஊளையிட்டது. அகத்திய மலையின் அடிவாரக் காட்டில் அந்தி நேரம். ஈத்தை மூங்கில் ஓலை வேய்ந்த வீடுகளின் முற்றங்களில் அதுவரை பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அடுப்புப் புகையோடு மரச்சீனிக் கிழங்கு வேகும் மணம் மேட்டுக்கு ஏறி வந்துகொண்டிருந்தது. சைரன் கேட்டதும் எல்லோரும் வீட்டைவிட்டுக் கிளம்பி, நாங்கள் நின்றிருந்த மேட்டுக்கு ஓடி வர வேண்டும். அதற்கான ஒத்திகைதான் அது.

நடந்தது நேர்மாறு. முற்றத்தில் நின்றவர்கள் பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். படல்கள் சாத்தப்பட்டன. ஒவ்வொன்றாக விளக்குகள் அணைந்தன. ஒரு நாய் மட்டும் எங்களை நோக்கி ஓடி வந்தது. அதுவும் பாதி வழியில் யோசித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"என்ன பிள்ளே இது? ஆரும் வரல்லியே?" என்றார் லீலா மேடம். சைரன் வைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்த தொண்டு நிறுவனத்தின் பொறுப்பாளர் அவர். மலையாளி. என்னோடு மட்டும் தமிழ் பேசுவார்.

"சத்தம் போதாதோ என்னவோ," என்றார் கூட வந்த இளம் எஞ்சினியர்.

எனக்குச் சுருக்கென்றது. சத்தம் போதவில்லை என்ற பேச்சை மைக் செட்காரனிடம் சொல்லலாமா? கீழே ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும் அந்த ஊளை. கேட்டதால்தான் கதவைச் சாத்தினார்கள்.

காட்டில் யார் ஓட்டுக் கேட்பது?

கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று இத்தனை வாரமும் நான் எழுதிவந்த மைக் செட் கதைகளில் இது சேராது. ஆனாலும் என் தொழிலில் மறக்க முடியாத இரண்டு அந்திகள் எவை என்று கேட்டால், இரண்டும் அந்த மலையில்தான் என்பேன்.

அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரம் வந்து, தம்பானூருக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை போட்டவர். நான் தலையெடுத்தபோது பெட்டி ஸ்பீக்கர்கள் வந்துவிட்டன. பழைய குழாய் ஸ்பீக்கர்கள் பரணுக்குப் போயின. அவற்றை மலையாளத்தில் கோளாம்பி என்பார்கள். கோளாம்பி என்றால் எச்சில் படிக்கம். பார்த்தால் அப்படித்தான் இருக்கும், பெயர் வைத்தவனைக் குற்றம் சொல்ல முடியாது.

கைப்பேசி கண்ணில் படாத காலம். லீலா மேடம் கடைக்கு நேரில் வந்து, மலையில் சைரன் கட்ட வேண்டும் என்றார். வீட்டில் சொன்னபோது என் மனைவி, "காட்டுல ஆரு ஓட்டுக் கேக்கப் போறா? யானைக்கு எலக்ஷனா?" என்று சிரித்தாள்.

விஷயம் சிரிக்கும்படியானதல்ல. அதற்கு முந்தின துலாம் மாதத்தில், நம் கணக்குக்கு ஐப்பசியில், அந்தக் குடியிருப்புக்கு மேலே மலை இடிந்து வந்திருந்தது. உருள்பொட்டல் என்பார்கள். மண்ணும் பாறையும் தண்ணீரும் சேர்ந்து உருண்டு வரும். யாரும் சாகவில்லை. ஒரு மரச்சீனித் தோட்டமும் இரண்டு ஆடுகளும் போயின.

அங்கே வசித்தவர்கள் காணிக்காரர்கள். அந்த மலைகளின் பழங்குடிகள். அவர்கள் பேச்சைக் கேட்டால் தமிழன் தமிழ் என்பான், மலையாளி மலையாளம் என்பான். ஊர்த் தலைவரை மூட்டுக்காணி என்பார்கள். அவருக்கு அடுத்தவர் விளிக்காணி. விளி என்றால் கூப்பாடுதானே, ஊரைக் கூப்பிடுவது அவர் பொறுப்பு.

அந்த ஊர் விளிக்காணியின் பெயர் வேலுக்காணி. ஏறக்குறைய என் வயது. சைரனை நான் மரத்தில் ஏற்றிய நாள் முழுக்க அவர் எட்ட நின்று பீடி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே வீதியில் இன்னொரு மைக் செட் கடை திறந்தால் நான் எப்படிப் பார்ப்பேனோ, அந்தப் பார்வை.

ஒற்றை விளிக்கு யார் வருவார்?

அன்று அங்கேயே தங்கினோம். காலையில் வேலுக்காணியின் மனைவி செல்லம்மை பால் விடாத கட்டன்சாயாவும் அவித்த மரச்சீனியும் காந்தாரி மிளகாய் உடைத்த சம்மந்தித் துவையலும் கொண்டுவந்து வைத்தார். அந்த எரிவு இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. எத்தனையோ கல்யாணப் பந்தியில் சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் காலைப்பசிக்கு ஈடாக எதுவும் வாய்க்கவில்லை.

லீலா மேடம் நேராகவே கேட்டார். "எதுக்காக்கும் எல்லாரும் கதவை அடைச்சது?"

வேலுக்காணி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஒத்த விளிக்கு ஆரும் மிண்டூல, சாரே. அந்தி கழிஞ்சு ஒரு தடவ விளிக்கது மனுசன் இல்ல. மனுசன் மூணு தடவ விளிப்பான். மூணாம் விளி கேட்டாத்தான் மிண்டணும். ரெண்டாம் விளிக்கு மிண்டினாலும் தோசமாக்கும்."

மிண்டுவது என்றால் பதில் சொல்வது. பெண்களையும் அவர் சாரே என்றுதான் கூப்பிடுவார். அந்த மலையில் எல்லோரும் அப்படித்தான்.

நம் வீடுகளிலும் இது உண்டு. இருட்டியபிறகு வாசலில் யாராவது ஒருமுறை கூப்பிட்டால், 'சும்மா இரு, மறுபடி கூப்பிடட்டும்' என்று அம்மா என் வாயைப் பொத்தியிருக்கிறாள். வீதி விளக்கு வந்ததும் நாங்கள் அதை மறந்தோம். அங்கே வீதியும் இல்லை, விளக்கும் இல்லை.

"அந்தவிசுவாசம்," என்று எஞ்சினியர் முணுமுணுத்தார். மூடநம்பிக்கையை மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள்.

லீலா மேடம் அவரைக் கையமர்த்தினார். "சரி, சைரனை மூணு தடவ அடிக்க வச்சா மதியோ, போதுமோ?"

"அடிக்கலாம். அது ஆரை விளிக்கு? வீட்டுப் பேரு சொல்லாண்டாமா? நான் பிலாமூட்டு வீடேன்னு விளிப்பேன். அவன் 'ஓ'ன்னு மிண்டுவான். மிண்டினாத்தான் அடுத்த வீட்டை விளிப்பேன். எல்லா வீடும் மிண்டித் தீந்தா, கடைசியா ஒண்ணு விளிப்பேன். 'எல்லாரும் உண்டே'ன்னு. அதுவரை ஊருக்கு ஒறக்கம் இல்ல."

"நல்ல ஏற்பாடுதானே," என்றேன் நான். "பின்னே எதுக்கு சைரனுக்குச் சம்மதிச்சீங்க?"

கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றிவிட்டது. அவர் முகம் அப்படிச் சுருங்கியது. பதில் செல்லம்மையிடமிருந்து வந்தது.

"மகளு தோட்டரிகத்து வீட்டுல கெட்டிப் போயிருக்கா. போன துலாத்துல இவரு விளிச்சாரு. அவ மிண்டல்ல. விளிச்சு விளிச்சு தொண்டையில ரெத்தம் வந்துபோச்சு."

ஓடைக்கரையில் இருந்த வீடு அது. தோடு என்றால் ஓடை. மகள் பெயர் ஓமனா. அவள் வீட்டுக்கு அப்பால் இன்னும் மூன்று வீடுகள் இருந்தன. பதில் வராமல் அடுத்த வீட்டைக் கூப்பிட முறை இல்லை. ஓமனா பதில் சொல்லவில்லை என்று அவர் அங்கேயே நின்று கத்திக்கொண்டிருந்தார். அந்த மூன்று வீட்டுக்காரர்களும் எதுவும் தெரியாமல் உள்ளே இருந்தார்கள். மலை கொஞ்சம் விலகி இறங்கியதால் எல்லோரும் பிழைத்தார்கள்.

"அவ கேக்கல்ல," என்றார் வேலுக்காணி. "எனக்க விளி எனக்கே கேக்கல்ல. பண்டு உள்ள மழைக்கு மேல எனக்க சத்தம் நிக்கும். எனக்கு முன்ன விளிக்காணியா இருந்த எனக்க மாமனுக்க சத்தமும் நின்னுது. இப்பம் உள்ள மழை அப்பிடி இல்ல. ஒரு மாசம் பெய்ய வேண்டியதை ஒரு உச்சைப்பொழுதுக்குள்ள பெய்யுது."

கட்டன்சாயா ஆறிக்கொண்டிருந்தது.

பழைய மழை

மழை மாறிவிட்டது என்று எல்லோரும் எப்போதும் சொல்வார்கள். நானும் அதைக் கிழவர் பேச்சு என்று தள்ளியவன்தான். ஆனால் மைக் செட்காரனுக்கு மழைதான் முதல் பகையாளி, அதன் போக்குவரத்து எங்களுக்கு அத்துப்படி.

நான் சின்னவனாக இருந்தபோது பள்ளிக்கூடம் திறக்கிற நாளும் வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை தொடங்குகிற நாளும் சொல்லிவைத்தாற்போல ஒன்றாக வரும். புதுக் குடையின் துணி மணமும் புதுப் புத்தகத்தின் மணமும் கரமனை ஆற்றின் செம்மண் தண்ணீர் மணமும் எனக்கு ஒரே மணம். துலாத்தில் மத்தியானம் தாண்டினால் இடி. கச்சேரி ஆறு மணிக்கு என்றால் நாலரைக்கு மழை பெய்து ஓய்ந்து, ஈர மண்ணில் நாற்காலி போட்டுக்கொள்ளலாம். அப்பா அந்தக் கணக்கை நம்பியே தார்ப்பாய் வாங்காமல் தொழில் நடத்தினார்.

நான் தார்ப்பாய் வாங்கினேன். பிறகு இன்னொன்று வாங்கினேன். வெயில் காய வேண்டிய மாதத்தில் மேடை நனைந்தது, நனைய வேண்டிய மாதத்தில் தூசி பறந்தது. வந்தால் வாளியைக் கவிழ்த்தது போல் வந்தது. அந்தப் பழைய மழையை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது, அதை மறைப்பானேன்?

கோளாம்பிக்குக் கொடுதி

கட்டன்சாயாவைக் குடித்து முடித்துவிட்டு நான் சொன்னேன். "சைரனை எறக்கிருவோம். விளிக்காணியே விளிக்கட்டும். சத்தத்தைப் பெருக்குக வேலை என்னுது."

லீலா மேடத்துக்குப் பிடித்துவிட்டது. பிடிக்காதவர் வேலுக்காணிதான். தன் விளி தன் வாயிலிருந்துதான் போக வேண்டும், தகரத்தின் வாயிலிருந்து போகக் கூடாது என்றார். செல்லம்மை ஒரே கேள்வி கேட்டார். "மகளுக்குக் கேக்காண்டாமா?" அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பரணில் கிடந்த நான்கு கோளாம்பிகளைத் துடைத்து எடுத்துப்போனேன். மேட்டில் பாட்டப்புரை என்றொரு கூடம் இருந்தது. ஊர் கூடிப் பேசுகிற இடம். மலை இடிந்தாலும் அங்கே வராது. ஆம்ப்ளிஃபையரும் பேட்டரியும் மைக்கும் அங்கே வைத்தோம். பாதையோடு இறங்கி நான்கு மரங்களில் கோளாம்பிகளைக் கட்டினேன். மூன்றாவது, ஓமனாவின் முற்றத்து அயினி மரத்தில்.

போகிற சத்தத்துக்கு வழி செய்தாயிற்று. வருகிற பதில் மழையில் எப்படிக் கேட்கும்? அதற்கு அவர்களே வழி வைத்திருந்தார்கள். இரவில் பன்றி விரட்ட அறைகிற பிளந்த மூங்கில். அதன் சத்தம் சுள்ளென்று மழையைக் கிழித்துக்கொண்டு வரும். வீட்டுக்கு ஒன்று வாசலில் தொங்கவிட்டார்கள். விளி மூன்றாவது முறை கேட்டதும் மூங்கிலை அறைந்து பதில் சொல்லிவிட்டு மேட்டுக்கு ஏற வேண்டும்.

தொடங்கிய நாளில் கோளாம்பிகளுக்குக் கொடுதி கொடுத்தார்கள். கொடுதி என்றால் படையல். ஊர்ப் பூசாரி இரும்புக் கொக்கரையை உரசிப் பாட, மைக் பக்கத்தில் இருந்ததால் 'கீ' என்று ஒரு கூவல் கிளம்பி எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பூசாரி அசையவில்லை. "அதுக்கும் ஒரு கோழி வேணும் போல," என்றார். நான் வால்யூமைக் குறைத்தேன். கோழி தப்பித்தது. ஆம்ப்ளிஃபையருக்குப் பொட்டு வைத்த பெருமை வேறெந்த மைக் செட்காரனுக்கு உண்டு, சொல்லுங்கள்?

அன்று மாலை வேலுக்காணி முதன்முறையாக மைக்கில் விளித்தார். "பிலாமூட்டு வீடேய்..." தன் குரல் மலை முழுக்கப் போய்த் திரும்பி வருவதைக் கேட்டுச் சிறுபிள்ளை போல் என்னைத் திரும்பிப் பார்த்தார். பீடியைப் பாதியில் ஒடித்து எனக்கு ஒரு துண்டு நீட்டினார். எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் இழுத்து இருமினேன்.

தேன் அடைத்த கோளாம்பி

அடுத்த ஆண்டோ, அதற்கு அடுத்ததோ. மறுபடி துலாம். மூன்றாவது கோளாம்பியில் சத்தம் வரவில்லை என்று வேலுக்காணி ஆள் அனுப்பியிருந்தார். ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், குழாய்க்குள் சிறுதேனீக்கள் கூடு கட்டியிருந்தன. கருமெழுகும் தேனும் அடைத்துக் கிடந்தது. கடையில் எலி கடித்த ஸ்பீக்கர் பார்த்திருக்கிறேன், கரப்பான் குடியிருந்த ஸ்பீக்கர் பார்த்திருக்கிறேன். இனிப்பு வைத்த ஸ்பீக்கர் அதுதான் முதல்.

"இப்பமே எடுத்திருவோமா?" என்றேன்.

"மத்தியானம் கழிஞ்சு கூட்டைத் தொடப்பிடாது," என்றார் வேலுக்காணி. "வெளிய போன ஈ அந்திக்குத் திரிச்சு வரும்போ வீடு இல்லாமப் போயிடும். வெளுத்தாப் பிறகு எடுக்கலாம்."

கீழே ஓமனா இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்தாள். "அப்பா, தேனு பிள்ளைக்குத் தரணும் கேட்டியா?" என்று சிரித்தாள்.

அந்தியில் நாங்கள் பாட்டப்புரைக்கு ஏறி வந்து உட்கார்ந்தபோது வானம் கறுத்தது. பிறகு பெய்தது. அதை மழை என்று சொல்வது ஒரு பழக்கத்துக்காகத்தான். பக்கத்தில் இருந்த வேலுக்காணி பேசியது எனக்குக் கேட்கவில்லை. மேட்டுக்குப் பின்னாலிருந்து பழுப்பாகத் தண்ணீர் ஓடி வந்தது. பச்சை மண்ணும் அறுந்த வேரும் மணத்தன. அந்த மணத்தை அவர் மூக்கு என்னைவிட முன்னால் பிடித்துவிட்டது. எழுந்து மைக்கை எடுத்தார்.

விளி

"பிலாமூட்டு வீடேய்..." மூன்று முறை. கீழிருந்து மூங்கில் அறைந்தது. "பாறையடி வீடேய்..." மூங்கில். ஒவ்வொரு வீடாகப் பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கோழியும் பிள்ளையுமாக ஆட்கள் ஏறி வரத் தொடங்கினார்கள்.

"தோட்டரிகத்து வீடேய்..."

மூன்று முறை விளித்தார். பதில் இல்லை. இன்னும் மூன்று முறை. மழைதான் கேட்டது.

அவர் என்னைப் பார்த்தார். இருவருக்கும் தெரியும், அந்த வீட்டு முற்றத்துக் கோளாம்பியின் தொண்டையில் தேன் அடைத்திருக்கிறது. காலையில் எடுக்கலாம் என்று சொன்னது அவர் வாய். அந்த வீட்டுக்கு அப்பால் மூன்று வீடுகள் காத்திருக்கின்றன. பதில் வராமல் அடுத்த வீட்டைக் கூப்பிடுவது அவர் மாமன் செய்யாதது, மாமனின் மாமன் செய்யாதது.

செல்லம்மை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணவனைப் பார்க்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அடுத்த வீட்டை விளி."

வேலுக்காணி விளித்தார். "கமுகின்மூட்டு வீடேய்..." குரல் உடைந்திருந்தது. மூங்கில் வந்தது. "ஈத்தைக்காட்டு வீடேய்..." வந்தது. "கீழ்ப்பாறை வீடேய்..." நெடுநேரம் கழித்து, தூரத்தில், அதுவும் வந்தது.

அந்த மூன்று வீட்டாரும் மேட்டுக்கு ஏறி முடிப்பதற்கும் மலை இடிவதற்கும் சரியாக இருந்தது. தம்பானூர் டெப்போவில் எல்லா பஸ்ஸையும் ஒரே நேரத்தில் கிளப்பினால் எப்படியிருக்கும், அப்படி ஒரு உறுமல். கால் வழியாகத்தான் முதலில் கேட்டது. கீழே ஓடைப்பக்கம் மரங்கள் நின்றவாறே நகர்ந்தன. அயினி மரத்தைக் காணோம்.

கூடம் நிறைய ஆட்கள். கடைசி விளி விளிக்க முடியாது. இன்னும் ஒரு வீடு பாக்கி.

வேலுக்காணி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இப்போது வீட்டுப் பேரைச் சொல்லவில்லை. அந்த வீடு இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ஓமனேய்..."

அந்த நேரத்தில்தான் நான் பார்த்தேன். கூடத்தின் பின்பக்கம், ஆட்டுப்பாதை வழியாக, தலையிலிருந்து கால்வரை சேறாக, இடுப்பில் பிள்ளையோடு ஓமனா ஏறி வந்து நின்றாள். பிலாமூட்டு வீட்டை விளித்ததுமே அது இரண்டாவது கோளாம்பியில் அவள் காதில் விழுந்திருக்கிறது. கணவன் அன்று மலையிறங்கிப் போயிருந்தான். ஆட்டை அவிழ்க்க மேலே வந்திருந்தவள், ஓடிப்போய்ப் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு, பாதையில் தண்ணீர் வந்துவிட்டதால் சுற்றி ஏறியிருக்கிறாள். வாசலில் தொங்கிய மூங்கிலை நினைக்க நேரமில்லை. இதெல்லாம் பிறகு அவள் சொன்னது.

நான் வாயைத் திறந்தேன். அவள் விரலை உதட்டில் வைத்துத் தலையை ஆட்டினாள்.

"ஓமனேய்..."

இரண்டாவது விளி. அவருடைய முதுகுக்கு நாலடி பின்னால் அவள் நிற்கிறாள். முதுகு குலுங்குவது அவளுக்கும் தெரிகிறது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. பார்த்த அத்தனை பேரும் வாயடைத்து நிற்கிறார்கள், செல்லம்மைகூட முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறார். சொல்லித் தொலையுங்களேன் என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நானும் சொல்லவில்லை.

அவர் மூச்சை இழுத்தார்.

"ஓமனேய்..."

"ஓஒ!"

மைக் போட்டபடி இருந்தது. மிச்சமிருந்த கோளாம்பிகள் அந்த ஒரு எழுத்தை ஆளில்லாத வீடுகள் மேல், இடிந்த மலை மேல், மழை மேல் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தன.

வேலுக்காணி திரும்பவில்லை. தோளில் வந்து விழுந்த மகளின் கையைத் தன் கையால் பொத்திக்கொண்டார். விளிக்காணிக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. உடைந்த தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"எல்லாரும் உண்டே..."